அச்சில் சரியாக வரும்

எங்கள் அச்சகத்தில் அவளை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. புத்தகமும் நோட்டீசும் பக்கம் கட்டுகிறவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் உண்டோ, அதில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய போன் நம்பர். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்ய, வாய் மட்டும் வைத்தியம் பார்க்கும்.

"பெருசாக்கிப் பாரு. நானூறு பர்சென்ட் வை. வெச்சியா? இப்பத் தெளிவா இருக்கா? அப்ப ஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல, உன் ஸ்க்ரீன்தான். மேல மெனுவுல பார்வைத் தரம்னு இருக்கும், அதை உயர்தரம்னு மாத்து. மாத்தினா கம்ப்யூட்டர் திணறுதா? அப்ப மாத்தாத, அப்படியே விட்டுடு. அச்சுல சரியா வரும்."

அச்சில் சரியாக வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதை அவள் வாயிலிருந்து கேட்பேன். அது பொய்யில்லை. திரையில் தெரிவது வெறும் சாயல். படங்களை உள்ளபடி காட்டினால் மெஷின் திணறும் என்பதால் மென்பொருள் அவற்றின் சிறிய, புகைமூட்டமான நகலைத்தான் காட்டும். அச்சுக்குப் போகும்போது அசல் போகும். புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழகியவர்கள் மங்கலை மங்கலாகவே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். திரையை நம்பாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் அனுபவம்.

நான் அங்கே மெய்ப்புத் திருத்துகிறவன். பதினான்கு வருடம் அவளும் நானும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை பார்த்தோம். நாற்காலியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் ஒன்றோடொன்று இடிக்கும். கீழ்த்தளத்தில் அச்சு மெஷின் ஓடும்போது எங்கள் மேஜையில் இருக்கும் டீ டம்ளரில் வட்டம் வட்டமாக அலை போகும். அவள் டீ எப்போதும் ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கும். எடுத்துக் குடிக்க நேரம் இருக்காது, கொட்ட மனசும் வராது.

இருபத்திரண்டு வயதில் டைப் அடிக்க வந்தவள். பக்கம் கட்ட யாரும் அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. அப்போது இருந்த ஆபரேட்டர் ஒரு சிடுமூஞ்சி, திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு வேலை செய்வான். அவன் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் அவன் ஃபைலைத் திறந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவன் வேறு வேலைக்குப் போன அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து கீழே விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்ட புருஷன், பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற மகள், எதிலும் குறை கண்டுபிடிக்கிற மாமியார். மூன்று பேருக்கும் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஒன்பது மணிக்கு அடித்துப் பிடித்து வந்து சேருவாள். வந்ததும் பழைய பனியன் துணியால் திரையைத் துடைப்பாள்.

வாய்த்துடுக்கு ஜாஸ்தி. என்னை அண்ணா என்பாள், ஆனால் மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி. "அண்ணா, கமாவைத் தேடுற மாதிரி உங்க கண்ணாடியைத் தேடியிருந்தா எப்பவோ கிடைச்சிருக்கும், தலையிலதான் இருக்கு" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மறுநாள் அவள் வரவில்லை என்றால் பொழுதே போகாது.

அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பதினொரு வயது. அந்தத் திரைக்கு ஏற்ற நுணுக்கத்தில் காட்ட அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. எழுத்தின் ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெரியும், படம் என்றால் நீராவி படிந்த கண்ணாடிதான். பார்வைத் தரத்தைக் கடைசிப் படியில் இறக்கி வைத்துத்தான் அவள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். படத்தில் தரம் குறைந்தால் எச்சரிக்க, திரையின் கீழ் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதையும் அணைத்துவிட்டாள். அது இருந்தால் மெஷின் இன்னும் திணறும் என்பது ஒரு காரணம். "எப்பப் பாத்தாலும் சிவப்பா முறைச்சுக்கிட்டே இருக்குண்ணா. எங்க மாமியாரை வீட்டுல விட்டுட்டு வர்றதே இங்கயாவது நிம்மதியா இருக்கத்தான்" என்றாள். நானும் சிரித்தேன்.

முதலாளியிடம் புதுக் கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. "ஓடுதுல்ல, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார் அவர்.

இனி என் பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். மெய்ப்புத் தாளில் படம் வந்தால் நான் அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு உள்ளே "படம்" என்று எழுதிவிடுவேன். அது என் பொறுப்பில்லை என்று அர்த்தம். படம் வாடிக்கையாளர் கொடுப்பது, அதில் இருப்பதை நான் திருத்த முடியாது. ஆபரேட்டருக்கும் அதே கணக்குத்தான். வந்ததை வைக்கவேண்டியது, அவ்வளவே. ஆகவே படத்துக்குள் எழுத்து இருந்தால் அதை எங்கள் கட்டடத்தில் ஒருவரும் படிப்பதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான். எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட கட்டங்களைப் பார்த்து நானும் போட ஆரம்பித்தேன்.

அந்த வருடம் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, பாட்டிலோடு அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத் தாள். எட்டாயிரம் பிரதி. எழுத்தெல்லாம் தட்டச்சில் வந்தது. எந்த வயதுக்கு எத்தனை மில்லி என்கிற அட்டவணை மட்டும் படமாக வந்தது. கம்பெனியில் சரக்கு அனுப்புகிற குமாஸ்தா அதை எங்கிருந்தோ போனில் படம் எடுத்து, போனிலேயே அனுப்பியிருந்தான். சின்னப் படம். அதை மூன்று மடங்கு இழுத்து வைத்தால்தான் பக்கத்தில் பொருந்தும். இழுத்து வைத்தாள். மங்கலாகத்தான் இருந்தது. அவள் திரையில் எல்லாமே மங்கல்.

ஊருக்கெல்லாம் சொன்ன வைத்தியத்தை அவள் அந்தப் படத்துக்குச் செய்து பார்க்கவில்லை என்று பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். செய்திருந்தாலும் பலன் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் படத்தைப் பெரிதாக்கினாலும் புகைதான்.

மெய்ப்பு என்னிடம் வந்தது. நான் வரிக்கு வரி படித்தேன். இரண்டு எழுத்துப்பிழை, ஒரு இடத்தில் இடைவெளி அதிகம். அட்டவணையைச் சுற்றிக் கட்டம் போட்டேன். அழுக்காகத் தெரிந்தது, பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். ஓரத்தில் என் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டேன். கீழே மெஷின்காரர் முதல் தாளைக் கையில் எடுத்து, "இந்த எடத்துல எழுத்து ஊறின மாதிரி இருக்கே" என்று மையைக் கொஞ்சம் குறைத்தார். அவரவருக்கு அவரவர் வேலையில் ஒரு காரணம் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டதால் முதலாளிக்கு வேறு வழியில்லை. அவளுக்கு வாயெல்லாம் பல். பார்வைத் தரத்தை உயர்தரத்தில் வைத்து, பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விலைப்பட்டியல், பள்ளி மலர், கட்டடக் கம்பெனி காலண்டர்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க. இத்தனை வருஷம் நான் கண்ணைக் கட்டிக்கிட்டுல்ல வேலை பாத்திருக்கேன். ரோமம் ரோமமாத் தெரியுது."

நான் எழுந்து போகவில்லை, என் வேலை எனக்கு.  பிறகு விசைகளைத் தட்டுகிற சத்தம், நிறுத்தம், மறுபடி தட்டல். அரை மணி நேரம் அப்படிப் போயிருக்கும்.

"அண்ணா, இது மட்டும் தெளியல" என்றாள்.

"செட்டிங் மாத்தினியா?"

"எல்லாம் பாத்துட்டேன். மூடித் திறந்துட்டேன், படத்தை எடுத்துட்டு மறுபடி வெச்சுட்டேன். மத்ததெல்லாம் தெளிஞ்சிடுச்சு. இது தெளியல."

திரும்பிப் பார்த்தேன். திரையில் அந்தத் துண்டுத் தாள். சுற்றிலும் எழுத்து கத்தி மாதிரி கூராக இருந்தது. நடுவில் அட்டவணை மட்டும் கலங்கிக் கிடந்தது. அவள் ஆணியில் குத்தி வைத்திருந்த அச்சுப் பிரதியை உருவி எடுத்தாள். அதிலும் கலங்கல். ஒன்று முதல் மூன்று வயதுக்கு ஐந்து மில்லி என்று ஒருவாறு படிக்க முடிந்தது. அதற்கு மேலே உள்ள வரி, மூன்று முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு. அதில் இருபத்தைந்து என்று இருந்தது.

"மூணு வயசுப் பிள்ளைக்கு அஞ்சு. கைக்குழந்தைக்கு எப்படிண்ணா இருபத்தஞ்சு?"

குமாஸ்தா அனுப்பிய மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு அழுக்கு மாதிரி ஏதோ இருந்தது. இரண்டு புள்ளி ஐந்து. இழுத்து வைத்ததில் அந்தப் புள்ளி கரைந்து போய்விட்டது. படித்திருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு மணி.

அவள் அந்த நிமிடமே கம்பெனிக்குப் போன் போட்டாள். குமாஸ்தாதான் எடுத்தான். சரக்கு போன வாரமே கடைகளுக்குப் போய்விட்டதாம். மேனேஜர் வெளியூர், நாளைக் காலையில் வருவார், அவர் சொல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றான். அவள் முதலாளி அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"படம் அவங்க கொடுத்தது. ப்ரூஃப் பாத்து அவங்களும் ஓகே சொல்லியிருக்காங்க. நாமளாப் போய்ச் சொன்னா நம்ம தலையில கட்டிடுவாங்க. சும்மா கிட" என்றார் முதலாளி.

"கைக்குழந்தைக்குக் கொடுக்குற மருந்து சார்."

"எவ தாளைப் பிரிச்சுப் படிக்கிறா? டாக்டர் சொன்ன அளவைத்தான் கொடுப்பாங்க. போய் வேலையைப் பாரும்மா."

வெளியே வந்ததும் அவள் என் மேஜையில் கை ஊன்றி நின்றாள். "அண்ணா, உங்ககிட்ட வண்டி இருக்கு. கம்பெனிக்குப் போய் எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு பட்டியல் வாங்கிட்டு, இப்பவே ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிடலாம். வர்றீங்களா?"

நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்துக்கூட மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "ஒரு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது? நாளைக்கு மேனேஜர் வரட்டும், முறையாப் போய்ச் சொல்லுவோம். இப்பப் போனா உள்ள விடவே மாட்டான். அவசரப்படாதம்மா."

"போகலாம்ணா. மனசு கேக்கல."

"நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே கூட்டிட்டுப் போறேன். சொன்னாக் கேளு."

என் பேச்சுக்கு அவளிடம் மதிப்பிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் பாக்கி. மெய்ப்பில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. யாரிடமாவது வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதைப்பு. அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஃபைல் அலமாரியைக் குடைந்து எடுத்தேன். என் பென்சில் கட்டம் இருந்தது, உள்ளே "படம்" என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைக் கண்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவள் தன் நாற்காலிக்கே போகவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வண்டியை எடுங்கண்ணா."

கம்பெனியில் மேனேஜர் அன்றைக்கும் வரவில்லை. நேற்றே நாங்கள் வந்திருந்தாலும் இதே குமாஸ்தாதான் இருந்திருப்பான். அவள் அவனிடம் சத்தம் போடவில்லை. அச்சுத் தாளை அவன் முன்னால் வைத்து, "உங்க வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. கடைப் பட்டியலைத் தன் கையாலேயே நகலெடுத்துக் கொடுத்தான். கேட்டதும் கிடைக்கிற ஒன்றுக்காக ஒரு நாளைக் கடத்தியிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு கடைகள்.

ஒவ்வொரு கடையிலும் அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள். "இந்தத் தாளை நாங்க தப்பா அடிச்சுட்டோம். அளவு பத்து மடங்கு அதிகமா இருக்கு. தயவுசெஞ்சு எடுத்துத் தனியா வெச்சிடுங்க." ஒருவர் உடனே எல்லாப் பெட்டியையும் இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஒருவர், "நீங்க யாரு, போட்டிக் கம்பெனியா?" என்றார். இன்னொருவர் கம்பெனியிலிருந்து கடிதம் கொண்டு வரச் சொன்னார். அவள் அந்தப் பெட்டிகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் கம்பெனிக்குப் போன் பண்ணி உறுதி செய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு கடைகளில் ஒரு பாட்டில்கூட விற்றிருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகாது போலிருக்கிறதே என்று எனக்கு லேசாகத் தெம்பு வந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன். அவள் பட்டியலில் அடுத்த கடையின் பெயரைப் படித்தாள்.

ஏழாவது கடை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே இருந்தது. கடைக்காரர் அலமாரித் தட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு போயிருக்கு" என்றார்.

"யாருக்குன்னு தெரியுமாங்க?"

"ரெண்டும் ஒரே ஆள்தான். மேல மூணாவது மாடி. நேத்து சாயந்திரம் ஒண்ணு வாங்கினாரு. இன்னிக்குக் காலையில வந்து இன்னொண்ணு வாங்கிட்டுப் போனாரு. பாட்டிலைக் கொட்டிட்டாங்க போலன்னு நெனச்சேன்."

அது ஒரு வாரத்துக்கு மேல் வரவேண்டிய பாட்டில். அவள் படிக்கட்டை நோக்கி ஓடினாள். பதினான்கு வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண், இவள் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். தோளில் ஏழெட்டு மாதக் குழந்தை, தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. "இப்பதான் தூங்குறான். காலையிலேர்ந்து ஒரே வாந்தி. அப்புறம் அப்படியே சோர்ந்துட்டான்" என்றாள். நாங்கள் யார் என்று கேட்கக்கூடத் தோன்றாத களைப்பு.

"மருந்து எவ்வளவும்மா கொடுத்தீங்க?"

"தாளுல போட்டிருந்த மாதிரிதான். பத்து மில்லி மூடியில ரெண்டரை மூடி. நாலு தடவை ஆச்சு." பிறகு அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. "ஏன்க்கா? எழுத்து மங்கலாத்தான் இருந்துச்சு. இவன் பொறந்ததுலேர்ந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல. என் கண்ணுதான் கோளாறுன்னு நெனச்சேன்."

டாக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிறவள் அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பிறகு குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "கிளம்பும்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழியில சொல்றேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவள் அச்சுத் தாளை நீட்டி, என்ன மருந்து, ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, எத்தனை தடவை, எத்தனை மணியிலிருந்து என்று தடுமாறாமல் சொன்னாள். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் கழித்து வந்த டாக்டர் என்னிடம் பேசினார், நான்தான் வீட்டுப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டு. இதற்கு மாற்று மருந்து உண்டு. முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் அநேகமாகப் பிழைத்துவிடுவார்கள். இப்போது கிட்டத்தட்ட இருபது மணி நேரம் ஆகிவிட்டது, கல்லீரல் கெட ஆரம்பித்துவிட்டது, பார்க்கலாம் என்றார். 

தகப்பன் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தான். சட்டையில் பெயின்ட் கறை. மனைவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு எங்களிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்று காலையில் என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். அவள் கையைத் தொடக்கூடப் போனேன்.

"நேத்துக் காலையில பதினோரு மணிக்கு" என்றாள் அவள்.

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "நான் மருந்து வாங்கினது சாயந்திரம் ஆறு மணிக்கு."

"ஆமா. நேத்தே கிளம்பியிருந்தா நீங்க வாங்கின கடைக்கு ஆறு மணிக்கு முன்னாடி வந்திருப்போம். நான் ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டேன்."

அவன் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. அந்த ஐந்து நாளும் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பாள். சில சமயம் அந்தப் பெண் குடிப்பாள், சில சமயம் தட்டிவிடுவாள். மீதி ஏழு கடைகளுக்கும் அன்றைக்கு மத்தியானமே நான் ஒருவனாகப் போய்ப் பெட்டிகளை ஒதுக்க வைத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு விசாரணை. கம்பெனி அச்சகத்தைக் கைகாட்டியது. முதலாளி ஆபரேட்டரைக் கைகாட்டினார், எச்சரிக்கை விளக்கை அணைத்து வைத்திருந்தாள் என்பதை மறக்காமல் சொன்னார். அவளுக்கு வேலை போனது, வழக்கும் வந்தது. பழைய கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அந்தப் பென்சில் கட்டத்தைக் காட்டினேன். இது வழக்கம்தானா என்று கேட்டார்கள். வழக்கம்தான் என்றேன். தவறு உங்களுக்கு எப்போது தெரிய வந்தது என்று எழுதித் தரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள்.

அறைக்கு வெளியே பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பதைப் பார்த்தாள்.

"மறுநாள்னு எழுதுங்கண்ணா" என்றாள். "நான் உங்ககிட்ட மறுநாள்தான் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன்."

"நான்தானேம்மா உன்னைத் தடுத்து..."

"உங்களுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. ரெண்டு பேரும் எதுக்கு? எழுதுங்க."

வேண்டாம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது அவளுக்காக வந்த அழுகை இல்லை, தப்பித்தோம் என்று வந்தது. சட்டைப் பையைத் தடவினேன், பேனா இல்லை. அவள் தன் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். வாங்கி, மறுநாள் என்று எழுதினேன்.